பால்மரத் தோட்டம் பூந்தோட்டமான வரலாறு

தோட்டம் என்னும் சொல்லுக்கு மலேசியத் தமிழரிடத்தும் இலங்கை மலையகத் தமிழரிடத்தும் ஒரு தனிப்பொருள் உண்டு. 'எங்கள் தோட்டம்' என்னும் தலைப்பில் கட்டுரை வரையுமாறு தோட்டப்பள்ளி ஆசிரியர் பணித்தார் என்று கொள்வோம். பாடநூலில் மல்லிகைப் பந்தலும் மாமரமும் இருக்கும். மாணவனின் ஏட்டிலோ பால்மரமும், பெரட்டுக் களமும், பால் நிறுக்கும் ஸ்டோரும், லயத்து வீடுகளும் இருக்கும். இரண்டும் பிழையன்று. கா, சோலை, பொழில், படப்பை என்றெல்லாம் நம் முன்னோர் வேறுபடுத்திப் பெயரிட்ட நிலவகைகளுள் ஒன்றுக்கும் ஒவ்வாத புதிய நிலம் ஒன்றை வெள்ளையர் ஆட்சி உண்டாக்கிற்று. அதற்குப் பெயர் வேண்டியிருந்தது. கடல் கடந்து வந்த நம் மக்கள், கைக்கெட்டிய பழஞ்சொல்லையே எடுத்து அதன்மீது வைத்தனர். வீட்டுக்கு அழகும் நிழலும் தருவதற்காக வைக்கும் தோட்டமும், கணக்குக்கும் கப்பலுக்கும் வைக்கும் தோட்டமும் அன்று முதல் ஒரே பெயரில் வழங்கலாயின.

இவ்விரு பொருளும் ஒரே நிலத்தில், ஒரே மனிதரின் வாழ்நாளில் சந்தித்த இடம் ஒன்று இலங்கையின் தென்மேற்குக் கரையில் இருக்கிறது. லுணுகங்கை என்பது அதன் பெயர். கொழும்பிலிருந்து தெற்கே 60 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவில், பெந்தோட்டை ஆறு கடலோடு கலப்பதற்கு முன் விரிந்து பரவும் தெத்துவ ஏரிக்குள் நீண்டு கிடக்கும் ஒரு மேட்டு நிலம் அது. சிங்களத்தில் 'லுணு' என்றால் உப்பு, கங்கை ஆறு. கடல் நீர் ஏறி இறங்கும் கழிமுகமாதலின் உப்பாறு என்று பெயரிட்டனர் போலும். பெந்தோட்டை என்பதிலுள்ள 'தோட்டை'க்கும் நம் தோட்டத்துக்கும் உறவில்லை என்பதை ஈண்டுக் கூறிவிடுதல் நன்று. அது துறை எனப் பொருள்படும் சிங்களச் சொல்லின் தமிழ் வடிவம். அம்பாந்தோட்டையிலும் அதுவே வருகிறது.

அந்நிலத்தின் முன்வரலாறு அத்தீவின் வணிக வரலாற்றைச் சுருக்கமாகக் காட்டுவது. டச்சுக்காரர் காலத்தில் அங்கே விளைந்தது கறுவா. நாம் பட்டை என்று சொல்லிக் கறியில் இடும் அதே பொருள்தான். கறுவா வணிகத்தைத் தம் கைக்குள்ளேயே வைத்திருந்த டச்சுக் கம்பெனியார், உரிமையின்றி அம்மரத்தைத் தொட்டவர்க்குக் கொலைத்தண்டனை வரை விதித்தனர். கொழும்பில் இன்று செல்வர் வாழும் பகுதிக்குக் கறுவாத்தோட்டம் என்ற பெயர் நிலைத்திருப்பதும் அக்காலத்தின் எச்சமே. ஆங்கிலேயர் வந்தபின் கறுவாவின் மதிப்புக் குறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பால்மரம் வந்தது.

அப்பால்மரத்தின் பிறப்பு நம்மவர்க்கு நெருக்கமான செய்தி. 1876இல் ஹென்றி விக்காம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டனை அடுத்த கியூ பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்தவை சில ஆயிரமே. அவற்றுள் 1,900க்கும் மேற்பட்ட கன்றுகள் அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கொழும்புக்கு வடக்கேயுள்ள ஹெனரத்கொடையில் நடப்பெற்றன. அடுத்த ஆண்டு, அதாவது 1877இல், 22 கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. அவற்றுள் சில பேராக்கில் கோலகங்சாருக்குச் சென்றன. எனவே, லுணுகங்கையில் நின்ற பால்மரமும் சுங்கை சிப்புட்டிலும் சிரம்பானிலும் நம் பாட்டனார் சீவிய பால்மரமும் ஒரு கப்பலில் வந்த விதையின் வழித்தோன்றல்களே.

இனி, அந்நிலத்தை வாங்கியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெஃப்ரி பாவா 1919இல் கொழும்பில் பிறந்தவர். தந்தையார் பெயர்பெற்ற வழக்கறிஞர். அராபிய முஸ்லிம் மரபும் ஆங்கில மரபும் கலந்தவர். தாயார் பறங்கியர் குடும்பத்தவர். ஐரோப்பியக் குருதியோடு சிங்களக் குருதியும் அவர் வழியில் உண்டு. மகன் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் பயின்றார். பின்னர் இலண்டனில் சட்டம் பயின்று 1944இல் பாரிஸ்டர் ஆனார். போர் முடிந்து கொழும்பு திரும்பி வழக்காடு தொழிலில் அமர்ந்தவர்க்கு அத்தொழில் பிடிக்கவில்லை. 1946இல் தாயார் மறைந்தார். தொழிலைத் துறந்து கீழை நாடுகள், அமெரிக்கா, ஐரோப்பா என ஏறக்குறைய ஈராண்டு சுற்றினார். இத்தாலியில் கார்தா ஏரிக்கரையில் ஒரு மாளிகையை விலைக்கு வாங்கி அங்கேயே தங்கிவிட எண்ணினார். அது கைகூடவில்லை. 1948இல் தாயகம் மீண்டவர், கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தையும் அதிலிருந்த பழைய பங்களாவையும் வாங்கினார். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை.

கைவிடப்பட்ட ரப்பர்த் தோட்டம் அக்காலத்து இலங்கையில் அரிய பொருளன்று. 1942இல் மலாயா ஜப்பானியர் வசமானபின், நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் தந்த இடங்களுள் தலையாயது இலங்கையே. மரத்தின் நாளைய வாழ்வைக் கருதாமல் பட்டை முழுவதையும் சீவிப் பால் எடுக்கப்பட்டது. பால் வெட்டை அறிந்தவர்க்கு இதன் பொருள் விளங்கும். ஓய்வின்றிச் சீவப்பட்ட மரத்தில் பட்டை மீண்டும் வளர்வதில்லை, பால் வற்றுகிறது, மரம் விறகாகிறது. போர் முடிந்தபின் அத்தகைய மரங்களை வைத்திருந்த உரிமையாளர்முன் இரண்டே வழிகள் இருந்தன. அழித்துவிட்டுப் புதிய ஒட்டுக்கன்று நடலாம், அல்லது விற்றுவிடலாம். வாங்குபவரும் மறுநடவு செய்வார் என்பதே எவரும் எதிர்பார்ப்பது. பாவா செய்தது வேறு.

இத்தாலியில் கிட்டாத தோட்டத்தை இலங்கையில் ஆக்குவது என்பதே அவர் கொண்ட நோக்கம். ஆயின் கார்தாக் கரையில் வளர்வது தெத்துவக் கரையில் வளராது. ஆண்டு முழுவதும் மழை பெய்து, ஓராண்டு விட்டால் வீட்டையே செடி விழுங்கிவிடும் ஈரமண்டலம் அது. லாலான் புல்லோடு போராடிய எவர்க்கும் இதை விளக்க வேண்டியதில்லை. குளிர்நாட்டில் தோட்டம் போடுபவர் செடியை வளர்க்கப் பாடுபடுகிறார். நம் மண்டலத்தில் தோட்டம் போடுபவர் செடியை அடக்கப் பாடுபடுகிறார். இவ்வுண்மையை உணர்ந்ததாலேயே, நடுவதைக் காட்டிலும் நீக்குவதில் பாவா தொடக்கம் முதல் கருத்தூன்றினார் என்று கருதுகிறேன். லுணுகங்கையில் வண்ணப் பூக்களின் பாத்திகள் மிகக் குறைவு. அங்குள்ளது பச்சை நிறமும், நிழலும், நீரும், திறந்த வெளியுமே. மலர்க்காட்சியை நாடிப் போவோர் ஏமாற்றத்தோடு திரும்பவும் கூடும்.

ரப்பர்த் தோட்டத்தின் இலக்கணம் வரிசை. எந்த மரத்தடியில் நின்றாலும் நான்கு திசையிலும் ஒரே காட்சி. மேலே இலைக்கூரை, கீழே நேர்கோடு. வானமும் தெரியாது, தொலைவும் தெரியாது. ஏரி மூன்று பக்கமும் சூழ்ந்திருந்தும் பழைய லுணுகங்கையில் அது கண்ணுக்கு எளிதில் புலப்படவில்லை. பாவா முதலில் மரங்களை வெட்டி ஏரியைக் கண்டெடுத்தார். பங்களாவின் நுழைவாயிலை இடமாற்றி, வீட்டை ஏரியை நோக்கித் திருப்பினார். வீட்டுக்குத் தெற்கே கறுவா மேடு எனப்படும் குன்று ஒன்று காட்சியை மறைத்து நின்றது. அதன்மீதிருந்த பால்மரங்களை அகற்றியதோடு நில்லாமல், உச்சி மண்ணையும் வெட்டித் தாழ்த்தினார். அதன் பயனாக, வீட்டுத் தாழ்வாரத்தில் அமர்ந்தவர் கண்ணுக்குப் புல்வெளி ஏறி இறங்குவதும், அதற்கப்பால் தென்புறத்து ஏரிநீரும், அந்நீருக்கும் அப்பால் எதிர்க்கரையில் ஒரு பௌத்த விகாரையின் வெண்ணிறத் தாதுகோபமும் ஒரே கோட்டில் தோன்றின. குன்றின் முகட்டில் ஒற்றை மரமும் அதன் கீழ் ஒரு பெரிய சீனச் சாடியும் வைத்தார். கண் முதலில் சாடியில் தங்கி, பிறகு நீருக்கும் கோபுரத்துக்கும் செல்லும். விகாரை அவருக்கு உரியதன்று; ஏரியும் உரியதன்று. தமக்கு உரிமையில்லாத தொலைவையெல்லாம் தம் தோட்டத்துக்குள் அழைத்துக்கொண்டார்.

வீட்டுக்கும் அக்குன்றுக்கும் இடையே ஊர்ப் பொதுப்பாதை ஒன்று சென்றது. அதை மூடும் உரிமை அவருக்கில்லை. வேலி அடித்தால் காட்சி இரண்டாக வெட்டுப்படும். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலப் பூங்காக்களில் ஆடுமாடுகளைத் தடுக்க வேலிக்கு மாறாக அகழிபோன்ற மறைகரை ஒன்றை வெட்டுவர். எதிரிலிருந்து நோக்குவோர்க்குப் பள்ளம் தெரியாது, புல்வெளி தொடர்ந்து செல்வதாகவே தோன்றும். அந்த உத்தியைக் கையாண்டு பாதையைப் பள்ளத்தில் மறைத்தார். ஊரார் வழக்கம்போல் நடந்தனர். வீட்டிலிருப்பவர் கண்ணுக்கு அவர்கள் புலப்படவில்லை. அழகிய தீர்வு என்பதில் ஐயமில்லை. அழகுக்காக மறைக்கப்பட்டவர் அவ்வழி நடந்த ஊர் மக்கள் என்பதையும் வரலாற்று மாணவன் குறித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஏரிப்பக்கத்து மேடையில் நின்ற மரம் ஈழத்தலரி. கோவில்களிலும் மலாய்க்காரர் இடுகாடுகளிலும் நாம் காணும் அதே மரம். அகராதி அதனை ஈழத்து அலரி என்கிறது. மரமோ அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்தது. பெயர் சொல்லும் ஊரும் பிறந்த ஊரும் வேறுபடுவதற்கு இஃது ஒரு நல்ல சான்று. சிங்களவர் இதனையே அரலிய என்பர். இளங்கிளைகளில் எடைக் கற்களைக் கட்டித் தொங்கவிட்டு, ஆண்டுக்கணக்கில் அவற்றைத் தாழ வளைத்துப் பரப்பினார் பாவா. இன்று அம்மரங்கள் குடைபோல் அகன்று தரையை நோக்கிக் கவிந்து நிற்கின்றன. ஏரியோரத் தாழ்நிலத்தில் நெல்வயல் அமைந்தது. அதுவும் தோட்டத்தின் ஒரு பகுதியாகவே அமைந்தது.

இவையெல்லாம் ஓராண்டில் நிகழ்ந்தவையல்ல. ஏறக்குறைய ஐம்பதாண்டு உழைப்பு. தொடக்கத்தில் நினைத்ததை நிறைவேற்றப் போதிய தொழிலறிவு தமக்கில்லை என்பதை அவரே கண்டார். மண் சரியாமல் எவ்வாறு மேடை கட்டுவது, பழைய சுவரை இடித்தால் கூரை என்னாகும், நீரை எவ்வழி வடிப்பது என்பன சட்ட நூலில் இல்லை. இங்கேதான் இவ்வரலாறு எதிர்பாராத திருப்பம் கொள்கிறது. நகரை விட்டு நாட்டுப்புறம் சென்றவரை அந்நாட்டுப்புறமே மீண்டும் நகருக்கு அனுப்பிற்று. 1951இல் கொழும்பில் எட்வர்ட்ஸ், ரீட், பெக் என்னும் கட்டடக்கலை நிறுவனத்தில் எச். எச். ரீட் என்பவரிடம் தொழில் பயிலச் சேர்ந்தார். மறு ஆண்டே ரீட் காலமானார். பாவா மீண்டும் இங்கிலாந்து சென்று, தம்மினும் மிக இளையவரோடு வகுப்பில் அமர்ந்து படித்து, 1957இல் தம் 38ஆம் வயதில் தகுதிபெற்ற கட்டடக் கலைஞராகத் திரும்பினார். வார நாளெல்லாம் கொழும்பில் தொழில். வார இறுதியில் லுணுகங்கை. நகரை அடியோடு துறந்தார் என்று எழுதுவது பொருந்தாது. ஆனால், அவர் நகரில் செய்ததற்கெல்லாம் வேர் அந்த ஏரிக்கரையிலேயே இருந்தது.

அத்தொழிலின் விளைவை உலகம் அறியும். கோட்டையில் நீர் சூழ அமைந்து 1982இல் திறக்கப்பெற்ற இலங்கை நாடாளுமன்றம், மாத்தறையில் ருஹுணுப் பல்கலைக்கழகம், காடும் பாறையுமாய் மலையோடு ஒட்டிய கண்டலமை விடுதி ஆகியவை அவர் கைவண்ணம். வெளிக்கும் உள்ளுக்கும் இடையே சுவர் எழுப்பாமல் தாழ்வாரத்தாலும் முற்றத்தாலும் இரண்டையும் இணைப்பது அவர் முறை. அது லுணுகங்கையில் மரத்தையும் மண்ணையும் கொண்டு அவர் கற்ற பாடமே. இப்பணிகளில் பல்லாண்டு அவருடைய பங்காளியாய் இருந்தவர் பொறியாளர் பூலோகசுந்தரம் என்னும் தமிழர். தமிழகத்திலும் பாவாவின் கட்டடம் ஒன்று உண்டு: மதுரையில் ஆலை நிறுவனம் ஒன்றின் மன்றமாக 1970களில் அவர் வகுத்தது பின்னாளில் விடுதியாயிற்று.

ஜெஃப்ரிக்கு முன்மாதிரி அவர் வீட்டிலேயே இருந்தது என்பதையும் விட்டுவிடலாகாது. பத்தாண்டு மூத்த தமையனார் பெவிஸ் பாவா, பேருவளைக்கு உட்புறத்தில் 'பிரீப்' என்னும் குடும்ப ரப்பர் நிலத்தை 1929 முதலே பூங்காவாக மாற்றி வந்தார். 'பிரீப்' என்பது வழக்கறிஞர் கையிலெடுக்கும் வழக்குக் கட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். வழக்குப் பணத்தில் வாங்கிய நிலத்துக்குப் பொருத்தமான பெயர்தான். ஆளுநர்களுக்கு மெய்க்காவல் அதிகாரியாக விளங்கிய பெவிஸின் தோட்டம் அடர்ந்தது, விளையாட்டுத்தனம் மிக்கது. இளையவரின் தோட்டம் அடக்கமானது. இரண்டையும் பார்த்தவர் ஒன்றை மற்றொன்றின் நகல் என்று சொல்லமாட்டார்.

லுணுகங்கையில் பல இடங்களில் மணிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒலி வேறு. தோட்டத்தில் எங்கே அமர்ந்திருக்கிறாரோ அங்குள்ள மணியைப் பாவா அசைப்பார். எந்த மணி ஒலித்தது என்று அறிந்து பணியாள் தேநீரோ மதுவோ அங்கே கொண்டுவருவார். தோட்டம் என்றவுடன் விடியற்காலைப் பெரட்டு மணியை நினைக்கும் செவிக்கு இந்த மணியொலி வேறுவிதமாகத்தான் கேட்கும். ஒன்று ஆளை இருளில் வேலைக்கு எழுப்பியது. மற்றொன்று ஓய்வாக அமர்ந்தவர் இருக்குமிடத்தைச் சொன்னது. கேட்டு ஓடிய கால் இரண்டிடத்தும் தொழிலாளியின் கால்.

இவ்விடத்தில் 1948ஆம் ஆண்டை மீண்டும் நோக்க வேண்டும். அவ்வாண்டு பிப்ரவரி 4ஆம் நாள் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டில் அந்நாட்டு நாடாளுமன்றம் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றிற்று. தந்தை, பாட்டன் ஆகியோரின் பிறப்புக்குச் சான்று காட்ட இயலாத இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர் பெரும்பாலோர் அச்சட்டத்தால் நாடற்றவர் ஆயினர். லயத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறப்புப் பத்திரம் எங்கிருந்து வரும்? மறு ஆண்டு தேர்தல் சட்டத் திருத்தம் அவர்களின் வாக்குரிமையையும் பறித்தது. பெந்தோட்டையை ஒட்டிய சிறு ரப்பர் நிலங்களில் சிங்களச் சிற்றூரார் மிகுதியாக வேலை செய்தனர் என்பது உண்மையே. ஆயினும் களுத்துறை, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் பெருந்தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர் பல்லாயிரவர். மலைநாட்டுத் தேயிலையில் உழைத்தோர் அவரினும் பன்மடங்கினர்.

ஆக, ஒரே ஆண்டில் இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. பல இனத்துக் குருதி கலந்த ஒரு நகரத்து வழக்கறிஞர், எந்நாட்டில் வேரூன்றுவது என்று ஈராண்டு அலைந்து தெளிந்தபின், பழைய தோட்டமொன்றை வாங்கித் தம் ஊராக்கிக்கொண்டார். அத்தகைய தோட்டங்களை மூன்று தலைமுறையாகக் காடு வெட்டி ஆக்கியவர்கள், அம்மண்ணுக்கு உரியவரல்லர் என்று சட்டத்தால் சொல்லப்பட்டனர். இதற்குப் பாவா பொறுப்பல்லர். அவர்மீது குறை கூறுவதும் என் கருத்தன்று. ஆனால் பழைய நிலத்தை மீட்டெடுக்கும் இன்பத்தைப் பேசும் நூல்கள் யாவும் முதற்பக்கத்தில் ஒரு நிலப்பட்டாவை முன்கொண்டே எழுதப்படுகின்றன. அந்தப் பட்டா எவர்க்குக் கிட்டியது என்பதைக் கூறாமல் தோட்ட வரலாறு எழுதினால் அது பாதி வரலாறே.

மலாயாவிலும் 1950களின் பிற்பகுதியில் ஐரோப்பியர் தம் தோட்டங்களை விற்றுச் செல்ல, வாங்கியவர் அவற்றைத் துண்டாடினர். வேலையும் வீடும் ஒருசேரப் போயின. தொழிலாளரே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கட்டும் என்று துன் வீ. தி. சம்பந்தன் முயன்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிய கதை நம் ஆசிரியர்கள் அறிந்தது. அங்கே மீட்கப்பட வேண்டியிருந்தது கூரையும் கூலியும். அதன்பின் பால்மரம் போய்ச் செம்பனை வந்ததும், செம்பனை போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்ததும் வேறு கட்டுரைக்கு உரியன.

இலங்கையில் அச்சட்டத்தின் பின்விளைவு நீண்டது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974இல் சரிபாதியாக வகுக்கப்பட்டது. ஏரிக்கரையில் ஈழத்தலரியின் கிளைகள் கல்லின் எடையால் மெல்ல வளைந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், மலையகத்திலிருந்து இராமானுசம் கப்பலேறித் தலைமன்னார் வழியே குடும்பங்கள் போய்க்கொண்டிருந்தன. கூடலூரிலும் நீலகிரியிலும் மறுபடி தேயிலைத் தோட்டத்திலேயே வேலைக்கு அமர்ந்தவர் பலர்.

1998இல் பாவா பக்கவாதத்தால் நடையும் பேச்சும் இழந்தார். 2001இல் ஆகா கான் கட்டடக்கலைப் பரிசின் தலைவர் விருது அவரைத் தேடி வந்தது. 2003 மே 27ஆம் நாள் மறைந்தார். அவர் விருப்பத்துக்கேற்ற இடத்தில், கறுவா மேட்டிலேயே, உடல் எரியூட்டப்பெற்றது. தோட்டம் இன்று அறக்கட்டளையின் காவலில் இருக்கிறது. பார்வையாளர் சென்று காணலாம், தங்கவும் செய்யலாம். வாரந்தோறும் வெட்டாவிட்டால் அது மீண்டும் காடாகிவிடும் என்பதால் தோட்டக்காரர்களின் கத்தி ஓய்வதேயில்லை.

அதே 2003ஆம் ஆண்டு அக்டோபரில், இந்திய வம்சாவளியினர்க்குக் குடியுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டத்தை இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. எஞ்சியிருந்த நாடற்றவரும் அந்நாட்டுக் குடிமக்கள் ஆயினர். குடியுரிமை வந்தது, நிலம் வரவில்லை. மலையகத்து லய அறைகளில் வாழ்வோர் பெரும்பாலோர்க்குத் தாம் குடியிருக்கும் மண்ணுக்கு இன்றளவும் பட்டா இல்லை. லயத்தின் முன்னுள்ள சிறு துண்டில் அவர்கள் கீரையும் பூச்செடியும் வைத்திருக்கின்றனர். அதையும் அவர்கள் தோட்டம் என்றே சொல்கின்றனர்.